வானில் இருவர்

எங்கள் இருவரில் ஒருவருக்கே விமானம் ஓட்டத் தெரியும். நான்கு இருக்கைகள் கொண்ட எங்கள் செஸ்னா 172-இல் மாற்று விமானி கிடையாது. ஓட்டுபவர் மேலே மயங்கிவிட்டால் மற்றவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடை காணாமல் சேர்ந்து பறக்க நாங்கள் விரும்பவில்லை.

ஆகவே, விமானியல்லாத துணைவர்களுக்கென அமெரிக்காவில் வழங்கும் 'பின்ச் ஹிட்டர்' பயிற்சியின் முறையில் கற்றோம். முதலில், மயங்கியவரின் இருக்கையைப் பின்னே தள்ளித் தோள்வாரை இறுக்க வேண்டும். அவர் உடல் ஓட்டும் பிடியின்மீது சாயலாகாது. அடுத்து, இறக்கைகளைச் சமமாக வைத்து வேகத்தைப் பேண வேண்டும். பிறகே வானொலி. பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி, அதுவரை பேசிவந்த அலைவரிசையிலேயே உதவி கேட்கலாம். பதில் இல்லையேல் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் 7700. கறுப்புக் குமிழ் இயந்திர விசையைக் கூட்டும், குறைக்கும். சிவப்புக் குமிழை இழுத்தால் இயந்திரமே நின்றுவிடும். விமானம் சேதமுற்றாலும் இருவரும் உயிருடன் தரைசேர்வதே நோக்கம்.

இப்போது பயண துஆ ஓதியபின், இவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்ட பிறகே புறப்படுகிறோம். இயன்றதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். அன்பர்களே, உங்கள் துணையை எதுவும் அறியாதவராக வானில் அமர்த்தாதீர்கள்.