காற்றுத் தூரிகையும் நாமும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்குவாரானால், வீட்டிலுள்ளோர் அதனை ஏதோ ஒரு நோயின் அறிகுறியாகவே கொள்வர். நம் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. வாழைச்சேனைப் பக்கத்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்துவரும் நாம், ஒருநாள் மாலை, இரைகின்ற சிறு இயந்திரமொன்றையும், பேனாவைப் போன்ற உலோகக் கருவியொன்றையும் பாசிக்குடாவிலுள்ள நம் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து இறக்கினோம். நம் மனைவியார் அவற்றைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதற் கேள்வி, "இது ஆர் ஆவி பிடிக்க?" என்பதே.

ஆவி பிடிப்பதற்கன்று, வர்ணம் தெளிப்பதற்கு. ஏர்பிரஷ் என்று உலகம் அழைக்கும் அக்கருவிக்குக் 'காற்றுத் தூரிகை' என்று நாம் பெயர் சூட்டியிருந்தோம். தமிழாசிரியர்களுக்கு இயல்பாயுள்ள குறை அது. கொழும்பிலுள்ள கடைக்காரரிடம் தொலைபேசியில் அப்பெயரைச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் அமைதி நிலவியது. பின்னர் 'ஏர்பிரஷ்' என்றோம், வியாபாரம் நடந்தது.

இது எதற்காக என்பதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. நம் தந்தையார் கரைவலைக்காரர். அவரிடம் நீல வர்ணம் பூசிய மரத்தோணி ஒன்று இருந்தது. மாரி கழிந்து கடல் அடங்கியதும் அதற்குப் புது வர்ணம் பூசுவார். இரண்டு மூன்று மாதங்களில் மேல் விளிம்பை வெயில் தின்றுவிடும். அடியில் கடும் நீலம். மேலே செல்லச் செல்ல வெளிறி, விளிம்பில் ஏறக்குறையச் சாம்பல். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று எவராலும் விரல் வைத்துக் காட்ட இயலாது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தபோது அத்தோணியும் போயிற்று. அன்று இக்கரையிலுள்ளோர் இழந்தவற்றை நோக்க, ஒரு தோணி பெரிதன்று. தந்தையார் உயிர் தப்பினார். ஆயினும் வீட்டிலிருந்த புகைப்படங்கள் யாவும் அலையோடு சென்றமையால், அத்தோணியின் உருவம் எங்கும் எஞ்சவில்லை. பின்னர் நிவாரணமாகக் கிடைத்த வெள்ளை நிறக் கண்ணாடியிழைப் படகில் அவர் ஆறு ஆண்டுகள் தொழில் செய்து காலமானார். அதற்கு அவர் வர்ணம் பூசவுமில்லை, பெயர் எழுதவுமில்லை.

தாயாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவர் நினைவிலுள்ளபோதே அத்தோணியைச் சிறு உருவிலேனும் செய்து அவர் முன் வைக்கவேண்டும் என்ற ஆசை நமக்கு எழுந்தது. ஊர் ஓடாவி ஒருவரிடம் முறை கேட்டு, முள்முருக்கு மரத்தில் இரண்டடி நீளத்தில் செதுக்கி முடித்தோம். உருவம் ஒருவாறு அமைந்துவிட்டது, வர்ணந்தான் அமையவில்லை. மயிர்த் தூரிகையால் எத்துணை மெல்லப் பூசினும் கோடு தெரிந்தது. நீலமும் சாம்பலும் இரண்டு வயல்களைப் போல் வரப்பிட்டு நின்றன. தாயார் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு மனே. ஆனா இது அப்பாட தோணி இல்ல" என்றார்.

வரப்பின்றி ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கே காற்றுத் தூரிகை பிறந்தது எனலாம். 1876 இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஸ்டான்லி என்பவர் வர்ணம் தெளிக்கும் கருவியொன்றுக்கு உரிமம் பெற்றார். பிற்காலத்தில் நீராவி மோட்டார் வண்டிக்குப் பெயர்போன அதே ஸ்டான்லிதான். 1879 இல் அயோவா மாநிலத்து ஏப்னர் பீலர், தையல் ஊசியையும் பழைய கரண்டியையும் வைத்துத் தமது கருவியை ஆக்கினார் என்பர். அதனை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு உலகறியச் செய்தவர் லிபர்ட்டி வாக்கப். இன்று நம் கையிலுள்ள பேனா வடிவத்தை 1890களில் அமைத்துத் தந்தவர் சார்ல்ஸ் பேர்டிக். புகைப்படங்களுக்கு நிறமூட்டவும் அவற்றின் குறைகளை மறைக்கவுமே இக்கருவியை அந்நாளில் பெரிதும் கையாண்டனர். இல்லாத புகைப்படமொன்றின் நிறத்தை மீட்க நாம் அதனையே நாடியது பொருத்தமே.

கருவியின் உள்ளமைப்பு எளிது. கூம்பு வடிவான சிறு மூக்கு. அதன் உள்ளே கூரிய நீண்ட ஊசி. மூக்கைச் சுற்றிக் காற்று விரைந்து பாயும்போது அதன் முனையில் அழுத்தம் குறைந்து, வர்ணம் வெளியே இழுபட்டுத் துகளாகச் சிதறுகிறது. ஊசி பின்னே நகர்ந்தால் வழி விரியும். முன்னே வந்தால் அடைபடும். இதனை நமக்கு விளக்கியவர் நம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர். அவர் கரும்பலகையில் சூத்திரம் எழுதத் தொடங்கியதும் நாம் விடைபெற்றுக்கொண்டோம்.

முதன்முறை வாங்குவோர் குழம்புமிடம், எதனைத் தெரிவது என்பது. விசையை அழுத்தியதும் காற்றும் வர்ணமும் ஒருங்கே வரும் ஒற்றைச் செயற்கருவி ஒரு வகை. அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வர்ணம் என இரண்டையும் விரலே ஆளும் இரட்டைச் செயற்கருவி மற்றொரு வகை. முதலாவது கற்க எளிது என்று அதனை வாங்குவோர் பலர். நம் கருத்து வேறு. இரட்டைச் செயலுக்கு விரல் பழக இரண்டு வாரம் பிடிக்கும். பழகியபின் வேறொன்றைத் தேடவேண்டியதில்லை. வர்ணக் கிண்ணம் மேலே அமைந்ததையே கொள்ளுங்கள். கீழே போத்தல் தொங்கும் வகை, பெரிய பரப்புக்கு நன்றாயினும், கூடுதலான காற்றழுத்தம் கேட்கும். கழுவவேண்டிய பகுதியும் கூடும். மூக்கின் துவாரம் 0.3 மில்லிமீற்றர் அளவாயின் போதும். நுண்ணிய கோடு வரையலாம் என்று ஆசைப்பட்டு 0.2 அளவை வாங்குவோர், வரைவதைவிட அடைப்பு எடுப்பதிலேயே பொழுதைக் கழிப்பர்.

இவையெல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு. அதனை நாம் கேட்கத் தவறினோம். ஊசியும் மூக்கும் தனியாக விலைக்குக் கிடைக்குமா? ஜப்பானிய இவாட்டா, அமெரிக்கப் பாட்ஜர், பாஷே, ஜெர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் முதலியவற்றுக்கு உதிரிப்பாகங்கள் தனியே விற்பனைக்குண்டு. நாம் வாங்கியதோ, பெயர் தெரியாத ஒரு மலிவுக் கருவி. பளபளப்பில் குறைவில்லை. அதற்கு உற்றார் உறவினர் எவருமில்லை என்பதை ஊசி வளைந்த அன்றுதான் அறிந்தோம்.

அது 2022 ஆம் ஆண்டு, நாடெங்கும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம். ஒருநாள் மாலை, கிண்ணம் நிறைய நீலத்தை ஊற்றி, தோணியின் அணியத்தில் முதற் பூச்சைத் தொடங்கினோம். கொம்பிரசர் மூச்சை நிறுத்தியது. விளக்கும் அணைந்தது. 'மின்சாரம் வந்தபின் தொடரலாம்' என்று கருவியை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக் காற்று வாங்கப் போனோம். தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் வர்ணத்தைக் கழுவக் காற்றோ மின்சாரமோ வேண்டியதில்லை. ஒரு குவளைத் தண்ணீர் போதும். அது நமக்குத் தெரியும். சோம்பலைத் தவிர வேறு காரணம் கூற இயலாது. மறுநாட் காலை ஊசி மூக்கோடு ஒட்டிக் கிடந்தது. குறட்டால் பிடித்து இழுத்தோம், வந்தது. திரும்பச் செருகுகையில் பலத்தைக் காட்டினோம். ஊசி முனை தூண்டிலைப் போல் வளைந்து, மூக்கின் ஓரமும் பிளந்தது. அன்று முதல் அக்கருவி நேரே துப்பாமல் ஒருக்களித்துத் துப்பிற்று.

இரண்டாவது கருவி வாங்க ஓராண்டுக்கு மேல் சென்றது. அக்காலத்து விலைவாசியில் ஆசிரியர் சம்பளத்துக்கு இது முந்திய செலவாக இருக்க முடியாது. வீட்டில் அதனை வாய்திறந்து கேட்கும் துணிவும் நமக்கில்லை. அதற்கிடையில் தாயாருக்கு ஒரு கண்ணில் படலம் படர்ந்தது. சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். நீலத்தை அறிந்த கண்கள் மங்குமுன் முடிக்கவேண்டும் என்ற அவசரம் நம்மைப் பற்றிக்கொண்டது.

இம்முறை உதிரிப்பாகம் கிடைக்கும் கருவியாகப் பார்த்து, ஓர் ஊசியும் ஒரு மூக்கும் மேலதிகமாகவே வாங்கினோம். கழுவுதலையும் ஒரு நித்திய கருமமாக்கினோம். வர்ணம் மாற்றும்போதெல்லாம் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தெளிவாக வரும்வரை தெளிக்க வேண்டும். மூக்கின் வாயைத் துணியால் இலேசாக மூடி விசையை இழுத்தால் காற்று பின்னோக்கிச் சென்று கிண்ணத்தில் குமிழியெழும். உள்ளே பதுங்கிய வர்ணம் மேலே வரும். வேலை முடிந்தபின், கிண்ணத்தைத் துடைத்து, ஊசியை நேராகப் பின்புறம் உருவி, ஈரத் துணியில் அடியிலிருந்து முனை நோக்கித் துடைக்க வேண்டும். முனையிலிருந்து அடி நோக்கித் துடைப்பவர் விரலையும் இழப்பர், ஊசியையும் இழப்பர். ஊசி வளைந்துள்ளதா என்று ஐயமெழுந்தால் கண்ணாடித் தகட்டில் அதனை உருட்டிப் பாருங்கள். வளைந்த முனை துள்ளிக் காட்டும். திரும்பச் செருகுகையில், மூக்கைத் தொட்டது என்று விரல் உணர்ந்த கணமே நிறுத்துதல் வேண்டும். கருவி முழுவதையும் இரவெல்லாம் தின்னரில் ஊறப்போடும் வழக்கம் சிலருக்குண்டு. உள்ளேயுள்ள இரப்பர் வளையங்கள் ஊதிப்போகும், அதனைச் செய்யாதீர்கள்.

நம் ஊரில் வாழ்வோர்க்கு மேலுமொரு பகை உண்டு. அது தண்ணீர். பாசிக்குடாவின் காற்றைக் குடிக்கலாம் என்று சொல்லுமளவுக்கு அதில் ஈரம். கொம்பிரசர் அக்காற்றை அழுத்தும்போது சூடேறும்; தாங்கியிலும் குழாயிலும் ஆறும்போது நீராகும். வடகீழ்ப் பருவமழை தொடங்கிய கார்த்திகையில், ஏறக்குறைய முடிந்த நீலத்தின்மேல் இரண்டு துளி நீரைக் கருவி துப்பிற்று. அம்மை வடுப்போல் இரண்டு வெண்புள்ளிகள். சுரண்டி மீண்டும் பூசினோம். ஆகவே, தாங்கியுள்ள கொம்பிரசரை வாங்குங்கள். ஈரம் பிரிக்கும் கிண்ணம் ஒன்றையும், அழுத்தம் காட்டும் மானியையும் குழாயில் பொருத்துங்கள். தாங்கியின் அடித் திருகை ஒவ்வொரு நாளும் திறந்து நீரை வடியுங்கள். முதன்முறை திறந்தபோது நமக்குக் கிடைத்தது துருநிறத் தேநீர் போன்ற ஒரு திரவம். உப்புக் காற்றில் கருவியைத் திறந்த மேசையில் விடுதலும் தகாது. சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, மூடியிறுகிய பிஸ்கட் தகரத்தில் அவற்றோடு கருவியை வைக்கிறோம். தகரத்தில் பலகாரம் இருப்பதாக எண்ணி இளைய மகள் இருமுறை ஏமாந்தாள்.

வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அழுத்தத்தில் தெளித்தல் நமக்கு ஒத்துவந்தது. யன்னலைத் திறந்து வைத்து, துகளை வடிக்கும் முகமூடி அணிந்தே தெளியுங்கள். தண்ணீரில் கரையும் வர்ணந்தானே என்று அலட்சியம் செய்தல் கூடாது. புகையாய்ச் சிதறியபின் எந்த வர்ணமும் நெஞ்சுக்கு நல்லதன்று.

தைப் பொங்கலுக்குப் பின் ஒரு காலையில் தோணி முடிந்தது. அடியில் கடும் நீலம், மேலே வெளிறல், விளிம்பில் சாம்பல், ஓரிடத்திலும் வரப்பில்லை. சத்திர சிகிச்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தாயாரை முற்றத்து வெயிலில் இருத்தி, மடியில் தோணியை வைத்தோம். நல்ல கண்ணின் பக்கம் அதனைத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பேரை எழுதல்லையா மனே?" என்றார்.

தோணியின் பெயர் கண்ணகை. நம் பகுதிக் கோயில்களில் குடிகொண்டவளின் பெயர். தந்தையார் அதனைத் தம் கையாலேயே வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவர் மூன்றுசுழி ணகரம் வரவேண்டிய இரண்டிடங்களிலும் இரண்டுசுழி னகரத்தை இட்டு, 'கன்னகை' என்று எழுதிவிட்டார். தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அதனைத் திருத்தும்படி நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். 'கடலுக்கு எழுத்துத் தெரியாது' என்று சிரிப்பார்.

எழுத்தைக் காற்றுத் தூரிகையால் எழுத முடியாது. அதற்குப் பழைய மயிர்த் தூரிகைதான் வேண்டும். அன்று மாலையே எழுதினோம், அவர் எழுதியவாறே, இரண்டு சுழியில். காற்றுத் தூரிகையைக் கழுவித் தகரத்தில் வைத்த பிறகு.