தெருவுக்குப் பழகிய கேமரா

ஜார்ஜ் டவுனில் வெயில் தரையைத் தொடப் பதினொரு மணி ஆகிவிடும். வடக்கு தெற்காக ஓடும் ஒடுக்கமான தெருக்கள். இரண்டு பக்கமும் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள். காலை ஏழு மணிக்குத் தங்கசாலைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேற்கு வரிசை வீடுகளின் மொட்டைமாடிச் சுவரில் மட்டும் மஞ்சள் வெயில் விழுந்திருக்கும். கீழே கடைவாசலைக் கூட்டிக்கொண்டிருப்பவர்மேல் படுவது அந்தச் சுவரில் மோதித் தெறித்து இறங்கும் மெல்லிய வெளிச்சம். நிழல் அடிக்காது, முகம் முழுதாகத் தெரியும். தெருவில் படம் எடுப்பவர்கள் காலையில் இந்தப் பக்கம் வருவதற்கு இந்த வெளிச்சம்தான் காரணம்.

மற்ற பேட்டைகளில் கதை வேறு. மயிலாப்பூர் மாடவீதியிலோ மெரினாவிலோ சுற்றுகிறவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அதற்குமேல் சென்னை வெயிலில் நெற்றி வெளுத்துப்போகும், கண்குழியில் கறுப்பு அப்பிக்கொள்ளும். ஜார்ஜ் டவுனிலோ உச்சி வேளைக்கும் மவுசு உண்டு. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை தெருவின் நடுவே சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல வெயில் இறங்கும். மூட்டையோடு ஒருவர் நிழலிலிருந்து அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கும் நொடிக்காகச் சுவரோரம் காத்துக் கிடப்பார்கள். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே வந்துவிடும். நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரோடுதான் வள்ளலார் நகர் பஸ் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தேன். வண்ணாரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று ஆயுசில் பாதி அந்தத் தொழிலில் போயிற்று. செல்போன் வந்ததும் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் குறைந்தார்கள். கல்யாண ஆர்டர்கள் டிரோன் வைத்திருக்கும் பையன்களிடம் போயின. ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டார். சர்க்கரைக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம். “வெறுங்கையோட நடந்தா கை எங்க வைக்கிறதுன்னு தெரியல சார்” என்கிறார். அதனால் கேமராவும் கூடவே வருகிறது.

ஒரே கேமரா, ஒரே லென்ஸ். 28 மில்லிமீட்டர், ஜூம் கிடையாது. அப்பெர்ச்சரை எட்டில் நிறுத்தி, ஃபோகஸை இரண்டரை மீட்டரில் வைத்து, வளையம் நகராதபடி கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். இந்தக் கணக்கில் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். மனிதர் அந்த எல்லைக்குள் வந்தால் அமுக்கினால் போதும். நிழலான தெருவுக்கு ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. கல்யாண மேடையில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்திவைத்து விளக்கு போட்டவருக்கு, எதையும் நிறுத்தச் சொல்ல முடியாத இடத்தில் வேலை செய்யப் பழக நாள் பிடித்ததாம். இப்போது கண்ணில் கேமராவை வைக்கும் நேரம் ஒரு கண் சிமிட்டல்தான். இடுப்பருகே கேமராவைப் பிடித்துக்கொண்டு, பார்க்காததுபோல் அமுக்கிவிட்டுப் போகும் வித்தை அவருக்குப் பிடிக்காது. “எடுக்கிறது தெரியணும். திட்டுனா திட்டட்டும். திருட்டுத்தனமா எடுத்த படத்துல மூஞ்சி சரியா வராது.” வரும், பல நேரம் நன்றாகவே வரும் என்பது என் கட்சி. அதற்காக அவர் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் ‘போட்டோ சார்’. “இன்னா சார், இன்னிக்கு லேட்டு?” என்று கேட்டபடி மீன்பாடி வண்டியை ஒடிக்கிறார் ஒருவர். டீக்கடை வாசலில் இன்னொருவர், “இத்தினி வருசமா எடுக்குறீங்களே, இன்னுமா முடியல?” என்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார் போட்டோ சார். பழைய படங்களை அச்சுப் போட்டு அவரவரிடம் கொடுப்பது அவர் வழக்கம். தெருவுக்குள் நுழைய அதுதான் டிக்கெட் என்று சொல்லலாம். அவர் கணக்கில் அது பாக்கி தீர்ப்பது.

கோடவுன் தெரு ஜவுளி மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சரக்கு, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சுமை. இணையத்தில் ஜார்ஜ் டவுன் என்று தேடினால் வந்து விழும் படங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு மனிதர் பிதுங்கும் பேலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கறுப்பு வெள்ளையில் பிரமாதமாக இருக்கும். கோடவுன் தெருவில் சுமை தூக்கும் ஒருவர் போட்டோ சாரிடம் ஒரு முறை சொன்னாராம்: “தலையில இருக்கிறப்போ எடுக்காதீங்க சார். அப்போ என் மூஞ்சி என் மூஞ்சியா இருக்காது. இறக்கினதும் எடுங்க. பொண்ணு காலேஜ் படிக்குது, அது பாக்கணும்ல.”

அதற்கப்புறம் அவர் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். ஆளே இல்லாத படம். கடைத் திண்ணையில் ஒரு சும்மாடு. பழைய லுங்கியைக் கிழித்து முறுக்கி வளையமாகச் சுற்றியது. வியர்வையும் எண்ணெயும் ஊறி ஒரு தலையின் அளவுக்கு அப்படியே இறுகியிருக்கிறது. மேல்பக்கம் சாக்கு உராய்ந்து உராய்ந்து பளபளக்கிறது. ஓரம் பிரியாமலிருக்க ஒரு ஊக்கு. மடிப்புக்குள் அன்றைய நடைக்கணக்கு எழுதிய துண்டுச் சீட்டின் நுனி. சுமையே இல்லாமல் சுமையைச் சொல்லும் படம். புடைத்த நரம்புப் படங்கள் நூறு பார்த்திருக்கிறேன். ஒன்றும் நினைவில் இல்லை.

இதே வேலையை இன்னொரு விதமாகச் செய்கிறவர் சிந்தாதிரிப்பேட்டைப் பெண் ஒருவர். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை. மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். காலையில் தன் பேட்டையையே சுற்றுகிறார். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் அது. கூவம் வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும் தெருக்களைத் தாண்டிப் பாலம் ஏறினால் புதுப்பேட்டை: பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள், அடுக்கிவைத்த கார் கதவுகள், கயிற்றில் கோத்துத் தொங்கும் ஸ்டியரிங்குகள். படம் எடுக்க ஆசையைத் தூண்டும் இடம். ஆனால் கேமராவைக் கண்டாலே முகம் சுளிக்கும் இடமும்கூட. திருட்டு வண்டி தேடிப் போலீஸ் வந்துபோகும் கடைவீதியில் வெளியாள் ஒருவர் படம் எடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? “எந்தச் சேனல்மா நீ?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவர், தன் ஸ்கூட்டிக்குக் கண்ணாடி வாங்கப் போய், பிறகு பிரேக் லீவர், பிறகு ஹாரன் என்று வாடிக்கையாளராகவே ஆகிவிட்டார். இப்போது “வாம்மா” என்கிறார்கள். கிரீஸ் படிந்த கைகளை மட்டும் வரிசையாக எடுத்துவருகிறார், செல்போனில். பெண் ஒருத்தி தெருவில் சும்மா நின்றாலே எல்லாரும் பார்ப்பார்கள் என்பதால் பெரிய கேமரா தனக்குத் தோதுப்படாது என்கிறார். பெண் என்பதாலேயே வேறு சில கதவுகள் அவருக்குத் திறக்கின்றன. பூக்கட்டும் அம்மாக்களும் மீன் ஆயும் அக்காக்களும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள். போட்டோ சாருக்கு அந்த முக்காலி கிடைக்காது.

தொழில்நுட்பச் சிரமங்கள் சென்னைக்கென்றே சில உண்டு. ஏ.சி. அறையிலிருந்து நேராகத் தெருவுக்கு வந்தால் லென்ஸ் முழுக்கப் பனி படரும். கால் மணி நேரமாவது பைக்குள்ளேயே வைத்திருந்து சூடேற விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்காதவர்கள் பிறகு ரிப்பேர் கடையில் அழுகிறார்கள். துறைமுகத்துக்குள்ளும் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. மற்றபடி பொதுத் தெரு பொதுத் தெருதான்.

தெருவைப் படமெடுப்பது சென்னையில் பிந்தி வந்த பழக்கம். படக்கலை சீக்கிரமே வந்துவிட்டது. 1856இல் மதராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. அவர் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி எடுத்த படங்கள் இன்றும் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் கோபுரமும் மண்டபமும் நிற்கும் அளவுக்கு மனிதர்கள் நிற்பதில்லை. நீண்ட நேரம் திறந்துவைத்த காகித நெகட்டிவில், நடந்துபோனவர்கள் பதியாமலே போனார்கள். செலவு அதிகம் என்று ஆளுநர் டிரெவெலியன் அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

தினசரி நடையையே தொழிலாக்கியவர் என்றால் பாரீஸின் எழேன் அட்ஜெயைத்தான் சொல்ல வேண்டும். 1890களின் இறுதியிலிருந்து 1927இல் சாகும்வரை, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளும் மரக் கேமராவும் முக்காலியுமாக விடியற்காலையில் கிளம்புவார். இடிபடப் போகும் சந்துகள், கடை முகப்புகள், குப்பை பொறுக்குபவர்களின் குடிசைகள். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் மாதிரிப் படம் விற்றுப் பிழைத்தார். கலைஞன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. தகட்டுக்கு எண், தெருப் பெயர்: இதை மட்டும் விடாமல் எழுதினார். அவர் இறந்த பிறகு தகடுகளைக் காப்பாற்றிய அமெரிக்கப் பெண் பெரனிஸ் ஆபட், 1929இல் நியூயார்க் திரும்பியதும் அதே வேலையைத் தன் ஊருக்குச் செய்தார். அது 1939இல் புத்தகமாக வந்தது. சிகாகோவில் விவியன் மேயர், குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்தவர், குழந்தைகளோடு வெளியே போகும்போதெல்லாம் எடுத்துக் குவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். 2007இல் பெட்டி பெட்டியாக ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியாட்கள் பார்த்தார்கள். 2009இல் இறந்துபோனார், தனக்குப் பெயர் வரப்போவது தெரியாமலே.

நமக்கு அப்படி ஒரு குவியல் இருந்திருந்தால்? 1996இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக ஊருக்கே கறிகாய் கொடுத்த இடம். விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி வந்து இறங்கியதைக் கிழவர்கள் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. கட்டடத்தின் படம் கிடைக்கும், உள்ளே பழைய புத்தகம் விற்றவரின் முகம் எளிதில் கிடைக்காது. இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக ஊரைத் தோண்டுகிறார்கள். லஸ் முனை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. அந்தப் பக்கத்தில் தினமும் நடக்கிறவர்கள் எடுத்து வைத்தால்தான் உண்டு.

எடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சனி ஞாயிறு காலையில் குழுக்களாக வருகிறார்கள். ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம் வந்தால் திரும்பிய பக்கமெல்லாம் போட்டோ நடைதான். 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே புகைப்படத்தைக் காட்சிக்கூடத்துக்கு வெளியே பொது இடங்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். வலை இழுப்பவர்களுக்குச் சமமாகக் கேமராக்கள். ஐஸ் உடைப்பவர் நிமிர்வதற்குள் ஐந்து லென்ஸ் முகத்துக்கு நேரே. வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பிப் போவார்கள்? எம். பழனிக்குமார் போன்றவர்கள் வேறு ரகம். மலக்குழிச் சாவுகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து படமெடுத்தவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் எடுக்கும் படத்தில் அம்மா அம்மாவாகத் தெரிகிறார். வெளியிலிருந்து வருகிறவர் எடுத்தால் ‘உழைக்கும் பெண்’ ஆகிவிடுகிறார்.

போட்டோ சாரின் வீட்டில் ஒரு பீரோ முழுக்கப் பழைய ஸ்டுடியோ காகிதப் பெட்டிகள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் தெரு, கதவு எண், தேதி, எதிரே இருக்கும் கடை. கல்யாண ஆல்பம் போட்ட காலத்துப் பழக்கம். பெயர் மாறினால் பணம் வராது. செல்போனில் எடுப்பவர்களுக்கு இந்த வேலையைக் கருவியே செய்துவிடும் என்று நினைப்பு. எடுத்த நேரமும் இடமும் படத்துக்குள் பதிந்திருப்பது உண்மைதான், இடக்குறிப்பை அணைத்துவைக்காமல் இருந்தால். ஆனால் வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதும் அந்தக் குறிப்புகள் கழன்று விழுந்துவிடும். நாலு கை மாறினால் அது எந்த ஊர் தெரு என்றே தெரியாது.

காலை நடை போகிறவர்கள் சென்னையில் எத்தனையோ பேர். எல்லார் பையிலும் கேமரா இருக்கிறது. கடற்கரைக்குப் போய்ச் சூரிய உதயம் எடுப்பதை வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் உங்கள் தெருவையே எடுங்கள்: இஸ்திரி வண்டி, பால் பூத், மூடப்போகும் மளிகைக் கடை. கேட்டு எடுங்கள். மாதத்தில் நாலு படமாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்னால் தெருவின் பெயரும் தேதியும் எழுதி, ஒரு பிரதியைப் படத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.