‘எல்லாருக்கும் வர்றதுதானே!’ - கர்ப்பகால இடுப்பு மூட்டு வலியைச் சொல்லாமல் மறைக்கலாமா?

திருச்சியில் ஒரு துணிக்கடையில் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண் அவள். முதல் கர்ப்பம். வாந்தியும் மயக்கமும் நான்காவது மாதத்தோடு நின்றுபோக, இனி கவலையில்லை என்றிருந்தாள். ஆறாவது மாதத்தில் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. சுடிதார் பேன்ட் போட ஒரு காலைத் தூக்கினால், அடிவயிற்றுக்குக் கீழே, இரண்டு தொடைகளும் சேரும் இடத்தில் சுரீரென்று ஒரு வலி. கட்டிலில் புரண்டு படுத்தால், உள்ளே எலும்போடு எலும்பு உரசுவது மாதிரி இருக்கும். பஸ் படியில் கால் வைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

வீட்டில் யாரும் அலட்சியப்படுத்தவில்லை. மாமியார் அக்கறையோடுதான் சொன்னார். “எல்லாருக்கும் வர்றதுதான்மா. நல்லா குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய், சுகப்பிரசவம் ஆகும்.” ஊரிலிருந்து அம்மா போனில், “சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி” என்றார். அவளும் குந்தி உட்கார்ந்து தரையைத் துடைத்தாள். யூடியூபைப் பார்த்து, சம்மணமிட்டு முழங்கால்களை விரிக்கும் ‘பட்டர்ஃபிளை’ பயிற்சி செய்தாள். பத்தே நாளில், ராத்திரி பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

டாக்டரிடம் சொல்லாதது ஏன்?

மாதாமாதம் செக்கப் போனாள். எடை, பி.பி., ஸ்கேன் எல்லாம் நார்மல். “வேற ஏதாவது பிரச்னை இருக்கா?” என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், “ஒண்ணுமில்ல மேடம்” என்றாள். வெளியே கூட்டம் காத்திருந்தது. வலி இருக்கும் இடத்தைச் சொல்லக் கூச்சம். அதோடு, எல்லாருக்கும் வருவதைப் பெரிதாகச் சொன்னால் ‘இதுக்கே இப்படியா?’ என்பார்களோ என்ற பயம்.

கடையில் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். வலிக்காத காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றால் சிறிது நேரம் ஆறுதலாக இருக்கும். சாயங்காலம் அதுவே இரண்டு மடங்காகத் திருப்பித் தரும். தூங்காத ஒரு ராத்திரியில், ‘இந்தக் குழந்தையே வேண்டாமோ’ என்று நினைத்துவிட்டாள். அப்படி நினைத்துவிட்டோமே என்று விடியும்வரை அழுதாள். அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏழாவது மாதச் செக்கப்பில், பரிசோதனை மேஜையில் ஏற அவள் பட்ட பாட்டை நர்ஸ் கவனித்துவிட்டார். “எத்தனை நாளா இப்படி?” என்ற அந்த ஒரு கேள்விக்கு, இரண்டு மாதக் கதையும் வெளியே வந்தது.

வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது

‘பெல்விக் கேர்டில் பெயின்’ என்றார் டாக்டர். இடுப்பெலும்புகள் முன்பக்கம் ஓரிடத்திலும், பின்பக்கம் முதுகெலும்பின் அடியில் இரண்டு இடங்களிலும் இணைகின்றன. முன்பக்க இணைப்பில் சாதாரணமாகவே 4 முதல் 5 மி.மீ. இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் அது 2, 3 மி.மீ. கூடும். ஹார்மோன்களால் தசைநார்கள் தளரும். வயிற்றுப் பாரமும் நிற்கும் விதமும் மாறும். இதனால் மூட்டுகள் ஒரே சீராக அசையாதபோது வலி வருகிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வரலாம். குழந்தைக்கு இதனால் ஆபத்தில்லை.

அதாவது மாமியார் சொன்னதில் பாதி உண்மை: நிறைய பேருக்கு வருவதுதான். ஆனால், அதற்கு சிகிச்சை உண்டு என்பதுதான் யாரும் சொல்லாத மீதிப் பாதி.

பிசியோதெரபிஸ்ட்டிடம் போனபோது மாமியாரும் கூடப் போனார். “அப்ப நான் சொன்னது தப்பாம்மா?” என்று கேட்டார். “வலி இல்லாதவங்க குனிஞ்சு நிமிரலாம்மா. இவங்களுக்கு முழங்கால் விரியிற எதுவும் இப்ப ஆகாது” என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவில் மாமியார் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டாவது பிரசவத்துக்கு முன்னாடி எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது அப்ப?” மறுநாளிலிருந்து தரை துடைக்கும் துணியை அவரே எடுத்துக்கொண்டார்.

என்னென்ன மாறியது?

பேன்ட், செருப்பு எல்லாம் உட்கார்ந்தபடியே போட்டாள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. புரளும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்தே திருப்பினாள். படியில் ஒவ்வொன்றாக, வலி குறைவான காலை முதலில் வைத்து ஏறினாள். ஆட்டோவில் முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டாள். சம்மணத்துக்குப் பதில் நாற்காலி, இந்திய முறைக் கழிவறைக்குப் பதில் வெஸ்டர்ன். பிசியோதெரபிஸ்ட் அளவு பார்த்துக் கொடுத்த இடுப்பு பெல்ட், சொல்லிக்கொடுத்த மூன்று எளிய பயிற்சிகள். வளைகாப்பில்கூட மனைக்குப் பதில் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். முணுமுணுத்த உறவினர்களுக்கு மாமியாரே பதில் சொன்னார்.

கடையில் ஸ்டூல் கேட்டபோது, “கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் சூப்பர்வைசர். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நீண்ட நேரம் நிற்கும் வேலையைப் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் மறுக்க, 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே கர்ப்பிணிக்கு உரிமை கொடுத்தது. டாக்டரின் கடிதத்தோடு இதையும் கணவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஸ்டூல் வந்தது.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால், ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிந்தது. பயந்து சிசேரியன் கேட்க நினைத்தவளிடம், இந்த வலிக்காக மட்டும் ஆபரேஷன் பொதுவாகத் தேவைப்படாது என்றார் டாக்டர். வலிக்காமல் முழங்கால்களை எவ்வளவு விரிக்க முடிகிறது என்று டேப் வைத்து அளந்து, செக்கப் நோட்டில் எழுதிவைத்தார்கள். பிரசவ அறையில் அதைப் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். மூன்றாவது மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பைக்கில் ஏறும்போது மட்டும் இன்னும் லேசாகப் பிடிக்கிறது. பிசியோதெரபி தொடர்கிறது.

நீங்களும் இப்படி அவதிப்படுகிறீர்களா?

வலி எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து, என்ன செய்தால் கூடுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளையே டாக்டரிடம் நீட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்க வேண்டாம்; ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை கர்ப்பத்தில், குறிப்பாக 20 வாரத்துக்கு மேல், தவிர்க்க வேண்டியவை. ரத்தப்போக்கு, நீர் உடைதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல், கால் மரத்துப்போதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது இந்த வலியாக இருக்காது. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.