72 வாரங்களுக்குப் பிறகு

ஐதராபாத்தின் இராஜேந்திரநகரில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம், புறக்கடை வளர்ப்புக்கென்றே வனராஜா, கிராமப்பிரியா ஆகிய கோழிகளை உருவாக்கியது. பெட்டையின் திறனை முட்டைக் கணக்கால் அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் 72 வாரங்களோடு நின்றுவிடுகின்றன. பண்ணைகளிலும் ஏறத்தாழ அந்த வயதில்தான் முட்டைக்கோழிகள் கழிக்கப்படுகின்றன. கொல்லையில் மேயும் பெட்டையோ அதன்பின்னும் பல ஆண்டுகள் மண்ணைக் கிளறித் திரியக்கூடும். கணக்கேடு மூடப்படும் இடத்தில் அதன் முதுமை தொடங்குகிறது.

முதுமையில் நோயை இனங்காண்பது எளிதன்று. சோர்ந்த கோழி பருந்துக்கும் நாய்க்கும் எளிய இரை. உடன்மேயும் கோழிகளும் அதைக் கொத்தும். ஆகவே இயன்றவரை அது தன் நலிவை மறைக்கிறது. முட்டை நின்றதை மட்டும் நோயெனக் கொள்ளவும் இயலாது. அடைகாக்கும்போதும் இறகுதிர்க்கும்போதும் இளம்பெட்டைகூட முட்டையிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கைதான் அறிய வேண்டும். விடியலில் தீனிப்பை காலியாக இருத்தல் வேண்டும். முந்தைய நாளின் தீனி அப்படியே திரண்டிருந்தால் உள்ளே தடையுண்டு. அடர்ந்த இறகுக்கடியில் மார்பெலும்பு கத்திமுனைபோல் தட்டுப்பட்டால் தசை கரைந்துவிட்டது என்று பொருள். கொண்டை வெளிறினால் குடற்புழுவையும், இரவில் கூட்டின் இடுக்குகளிலிருந்து வந்து குருதி உறிஞ்சும் உண்ணியையும் தேட வேண்டும். வயிறு உப்பி, உடலை நிமிர்த்தியபடி தளர்ந்து நடந்தால் வயிற்றுக்குள் நீரோ மஞ்சள் கருவோ தேங்கியிருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு முரண் உண்டு. முதிர்ந்த பெட்டைக்குச் சினைப்பையில் புற்றுநோய் தானாகவே தோன்றும். ஏறக்குறைய நாள்தோறும் சினைமுட்டை வெளிப்படுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனாலேயே பெண்களின் சினைப்பைப் புற்றை ஆராய்வோர் வயதான கோழிகளை நாடுகின்றனர். பண்ணை கழித்துவிடும் அதே உடலை மருத்துவம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது.

சிகிச்சையில் முதற்செயல், நலிந்ததைத் தனியே பிரித்து, வெதுவெதுப்பும் அமைதியும் தூய நீரும் தருவதாகும். தெலுங்கில் ‘கொக்கெர தெகுலு’ என வழங்கும் வெள்ளைக்கழிச்சல் எனில் பிற கோழிகளைக் காப்பதும் இப்பிரிப்பே. அதற்கு மருந்தில்லை, தடுப்பூசியே உண்டு. முட்டை சிக்கிய பெட்டையின் பின்னுடலை இளஞ்சூட்டு நீரில் அமர்த்தலாம். உள்ளேயே முட்டையை உடைத்தல் ஆகாது. வாயில் நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் துளித்துளியாக வைத்தால் தானே விழுங்கும்.

எஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் இவை அனைத்தினும் கேடானது. எதிருயிரி மருந்தின் எச்சம் முட்டை வழியே வீட்டார் தட்டுக்கே திரும்பும். உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் மருந்தை இந்தியா 2019இல் தடைசெய்தது, கடைசிப் புகலான அம்மருந்து மனிதருக்குப் பயன்படாமல் போய்விடும் என்ற அச்சத்தால்தான். மருந்தை முடிவுசெய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர். தீராத நோயெனில், வலியின்றி முடித்துவைப்பதையும் அவரிடமே கேட்கலாம். முட்டையிடாத கோழிக்கு இவ்வளவு செலவா என்று அண்டையார் வினவுவர். அவ்வினாவும் 72 வாரக் கணக்கிலிருந்தே பிறக்கிறது.

கொல்லையில் வளர்ப்போர் வாரந்தோறும் கோழியை ஒரே தராசில் நிறுத்து, இறகுதிர்த்த நாளோடும் தீனி குறைந்த நாளோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், நோய் முற்றுமுன் எடை சரிவது புலப்படும். ஆய்வேடுகள் எழுதாமல் விட்ட ஆண்டுகளுக்கும் ஒரு பதிவு கிடைக்கும்.