அருவி வற்றிய நாளில்

அருவி கொட்டும் காலத்தில் மலையை நாடிச் செல்வது மக்களின் இயல்பு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும், இராஜபாளையத்துக்கு மேற்கேயுள்ள அய்யனார் கோவில் அருவியில் நீராடக் கூட்டம் திரள்வதை அறிவோம். ஆடி அமாவாசையிலோ சதுரகிரி மலைப்பாதை முழுவதும் மனிதத் தலைகளாகவே தோன்றும். கூட்டம் கலைந்து, நீரும் வற்றிய பின் அம்மலை எவ்வாறிருக்கும்? அதைக் காணும் ஆவலுடன், தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தினர் பிள்ளைகளுடன் புறப்பட்டோம்.

நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற இராஜபாளையம் நகரைக் கடந்ததும், தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் எங்களை வரவேற்றன. மாமரங்களில் வடுக்கள் கொத்துக்கொத்தாய்த் தொங்கின. வனத்துறையினரிடம் அனுமதி பெற்று உள்ளே நடந்தோம். மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டோடும் ஆற்றில் பாறைகள் மட்டுமே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் முகம் வாடிற்று. "ஆறு எங்கே போச்சு, தாத்தா?" என்றான் ஒரு சிறுவன்.

வழிகாட்டியாக வந்த பளியர் இனப் பெரியவர் புன்னகை புரிந்தார். "எங்கேயும் போகலை தம்பி, மணலுக்குள்ளே படுத்திருக்கு" என்று கூறியவாறே, பாறை இடுக்கிலிருந்த மணலைக் கைகளால் அகழ்ந்தார். முழங்கை ஆழம் சென்றதும் நீர் கசிந்தது. சற்று நேரத்தில் தெளிந்தும் நின்றது. பெருவெள்ளத்தைக் கண்டு ஆரவாரிக்கும் பிள்ளைகள், அந்தக் கையளவு நீரைக் கண்டு வாய்பேசாது நின்றனர்.

இதுவன்றோ காட்டின் தொண்டு! மரங்களின் இலைகளும், தரையில் மெத்தை போல் கிடக்கும் சருகுகளும் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணை நெகிழ்த்தி நீரை உள்ளே இறக்குகின்றன. மழை நின்ற பின்னும் மலை அந்நீரைச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. காட்டை அழித்துவிட்டால் பெய்த மழை சில நாட்களில் வெள்ளமாய் ஓடி மறைய, கோடையில் குடம் நிறையாது. இராஜபாளையம் நகரின் குடிநீருக்கு நெடுங்காலமாக உதவிவரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இம்மலையின் கொடையே. இதற்கு வடக்கே தொடரும் மலைகளில்தான் மதுரை முதல் இராமநாதபுரம் வரை வாழ்விக்கும் வைகை பிறக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதி 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலி வாழும் காடு காக்கப்பட்டால் ஆறுகளின் ஊற்றுக்கண்ணும் காக்கப்படும்.

பிற்பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். தமிழக அரசின் சின்னத்தை நினைவூட்டும் ஆண்டாள் கோயிலின் நெடிய கோபுரம் தொலைவிலேயே தெரிந்தது. தவக்காலமாதலால், பால்கோவாக் கடைகளைப் பெரியவர்கள் பார்வையாலேயே கடந்தோம். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை!

நகருக்கு மேற்கே, மலையடிவாரத்திலுள்ள செண்பகத்தோப்பில் சாம்பல் நிற மலை அணிலைக் காண முடிந்தது. தலை முதல் வால் நுனி வரை இரண்டடிக்கு மேல் நீளமுள்ள இவ்வுயிர், உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. இதற்கெனவே 1988ஆம் ஆண்டில் இங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. இந்த அணில் தரையில் இறங்குவது அரிது. ஓடைக்கரையில் கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களே அதன் பாதை. அவை சந்திக்கும் இடத்தில்தான் கூடு கட்டுகிறது. நடுவே ஒரு மரம் வெட்டப்பட்டாலும் அதன் பாதை அறுந்துபோகும். கூட்டமும் கூச்சலும் இல்லாத நாளாதலால், புளியமரத்தில் அது அமர்ந்து பழத்தை உரித்துத் தின்பதை நெடுநேரம் கண்டு களித்தோம்.

வேறொன்றையும் கண்டோம். நீர் வற்றிய இடங்களில், நீராட வந்தவர்கள் விட்டுச்சென்ற ஷாம்பு உறைகளும் பிளாஸ்டிக் பாட்டில்களும் பாறையிடுக்குகளில் சிக்கிக் கிடந்தன. வெள்ளம் மறைத்திருந்ததைக் கோடை வெளிப்படுத்திவிட்டது. பிள்ளைகள் எவரும் சொல்லாமலே அவற்றைப் பொறுக்கத் தொடங்கினர். இரண்டு சாக்குகள் நிறைந்தன.

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979ஆம் ஆண்டில் அறிவித்தார். அவரது பெயரையே ஏற்ற மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நமது பொது இல்லமாகக் கண்டார். இல்லம் என்றால் விருந்து நாளில் மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் இடமா? அன்னை பரிமாறும்போது மட்டும் அவளை நினைப்பவன் நல்ல மகனாவானா?

ஆகவே, அன்பு வாசகர்களே, அருவியில்லாத நாளிலும் ஒருமுறை மலையடிவாரம் சென்று வாருங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள நாட்களில் வனத்துறை அனுமதி மறுப்பதுண்டு. முன்னரே விசாரித்துச் செல்லுங்கள். கொண்டுசென்ற எதையும் அங்கே விட்டுவராதீர்கள். களிப்பூட்ட ஒன்றுமில்லாதபோதும் காடு நமக்காக உழைத்துக்கொண்டிருப்பதை உங்கள் பிள்ளைகள் கண்டுகொள்ளட்டும். வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்களுக்கு அந்த மலை நினைவில் வந்தால், அதுவே படைத்தவருக்கு அவர்கள் செலுத்தும் நன்றியாகும்.