மைக்கை ஊதாதீங்க!

மைக்கைப் பார்த்தால் நமக்கெல்லாம் இரண்டு காரியம் செய்யத் தோன்றும். ஒன்று, விரலால் தட்டுவது. இரண்டு, 'ப்பூ... ப்பூ...' என்று ஊதுவது. அதற்கப்புறம்தான் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ'. கல்யாண மண்டபமோ, கோயில் திருவிழாவோ, ஆபீஸ் ஆயுத பூஜையோ, எல்லா இடத்திலும் இதே சடங்குதான். நானும் முப்பத்தைந்து வருஷமாக ஊதிக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் ஏற்காட்டில் ஒருவர் என் கையில் 'பட்'டென்று ஓர் அடி போடும்வரை.

அடித்தவர் என் பெரியப்பா. வயது எண்பத்திரண்டு. வாலிபத்தில் சேலத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் சவுண்ட் பிரிவில் எடுபிடியாக இருந்தவர். மைக் தூக்குவது, ஒயர் சுருட்டுவது, திட்டு வாங்குவது. இந்த மூன்றிலும் நல்ல சர்வீஸ்.

விஷயம் என்னவென்றால், பெரியம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே அக்கா எனக்கு போன் போட்டாள். "டேய், அம்மா தாலாட்டை எப்படியாவது ரெக்கார்ட் பண்ணி வச்சிடணும்டா."

எங்கள் குடும்பத்தில் அந்தத் தாலாட்டுக்குத் தூங்காத பிள்ளை கிடையாது. நான் உட்பட.

செல்போனில் எடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எடுத்துப் பார்த்தோம். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிற மாதிரி வந்தது. அதனால் வடபழனியில் டப்பிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பனிடம் போய் நின்றேன். ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். "வால்வு மைக் மச்சி. இதோட விலைக்கு உன் ஸ்கூட்டர் ரெண்டு வாங்கலாம். கீழே போட்டா ஃப்ரெண்ட்ஷிப் கட்."

பெட்டியோடு சேலத்தில் பஸ் ஏறினேன். ஏற்காடு ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் நடத்திய கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இந்த மலையடிவாரத்துக் கம்பெனி எடுத்தவை. வளைவைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பெட்டியைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். பெரியப்பா வீடு நாகலூர் போகிற ரோட்டில், சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த காபித் தோட்டத்து ஓரம். போய்ச் சேர்ந்தபோது நல்ல மூடுபனி. வீட்டுக்குள் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறக்கப் போனேன்.

"மூடு கண்ணு அதை!"

"ஏங்க பெரியப்பா?"

"உன் கண்ணாடியைக் கழட்டிப் பாரு."

கழற்றினேன். ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது.

"குளிர்ல இருந்து வந்த சாமான் மேல வீட்டு ஆவி பட்டா தண்ணியாப் படியும். கண்ணாடின்னா துடைச்சுக்கலாம். அதுக்குள்ள இருக்கிற சவ்வை எதைக் கொண்டு துடைப்பே?"

அப்புறம்தான் புரிந்தது. கண்டென்சர் மைக்குக்குள், முடியைவிட மெல்லியதாக, தங்கம் பூசிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. அதற்குப் பின்னால் நூலிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம். நாம் பாடினால் சவ்வு அதிர்கிறது, இடைவெளி மாறுகிறது, அதற்கேற்ப சிக்னல் பிறக்கிறது. அந்த சிக்னல் ரொம்பப் பலவீனமானது. அதைத் தூக்கிவிட அதே குழாய்க்குள் ஒரு வால்வு. பழைய ரேடியோவில் ஆரஞ்சாக எரியுமே, அதன் தம்பி. சவ்வில் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து, அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் பதிவாகும். ஊதினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிகிறதா? எச்சிலும் காற்றும் நேராக அந்தச் சவ்வின் மேல் போய் அடிக்கும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டி மூடியபடியே இரண்டு மணி நேரம் அறையில் கிடந்தது. நான் காபி குடித்தேன். மறுபடியும் குடித்தேன்.

பிறகு பெரியப்பா மேற்பார்வையில் வேலை ஆரம்பமானது. வால்வு மைக்குக்கு என்று தனியாக ஒரு பவர் சப்ளை பெட்டி உண்டு. முதலில் அதன் பின்னால் இருக்கும் வோல்டேஜ் சுவிட்ச். சில பெட்டிகள் 115-ல் வைக்கப்பட்டிருக்கும். நம் ஊர் 230-ஐ அதில் கொடுத்தால் தீபாவளிதான். அடுத்து பிளக். மூன்று கால் பிளக், எர்த் உள்ள பாயின்ட். அந்தப் பெட்டியிலிருந்து மைக்குக்குப் போவது சுமாராக 100, 200 வோல்ட். 'உம்' என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக எர்த் காலை வெட்டுகிற புத்திசாலிகள் உண்டு. இரைச்சல் போகும். ஆளும் போகலாம்.

அந்த வீட்டில் ஒழுங்கான எர்த் இருந்தது ஃப்ரிட்ஜ் பாயின்டில் மட்டும்தான். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமான ஸ்டாண்டில் மைக்கை இறுக்கினோம். பல பின் உள்ள கேபிள், மைக்கிலிருந்து பவர் பெட்டிக்கு. சாதா மைக் கேபிள், பவர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரோடு சேர்ந்த ரெக்கார்டிங் பெட்டிக்கு. அதில் வால்யூம் சைபர். 48 வோல்ட் ஃபேன்டம் பட்டன் ஆஃப். இந்த 'பேய் கரண்ட்' 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி நார்வே வானொலிக்காகச் செய்து கொடுத்த ஏற்பாடு. அங்கே எமர்ஜென்சி விளக்குக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்ததாம். அது டிரான்சிஸ்டர் மைக்குக்கு. வால்வு மைக்குக்குச் சொந்தச் சமையல் உண்டு, ஓட்டல் சாப்பாடு வேண்டாம். எல்லாம் மாட்டிய பிறகு, கடைசியில்தான் பவர் சுவிட்ச்.

போட்டாயிற்று. பழக்க தோஷம், குனிந்து ஊதப் போனேன். அப்போது விழுந்ததுதான் அந்த அடி.

"அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. வால்வு சூடாகணும்" என்றார் பெரியப்பா.

"உங்க பெரியப்பா எதுக்குமே இப்படித்தான்டா" என்றார் பெரியம்மா. "கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லவே ஒரு வருஷம் சூடாகிட்டிருந்தாரு."

சிரித்தோம். அப்புறம் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் போயிடுச்சின்னா எப்படிடா இவரோட சண்டை போடுறது?" என்றார் திடீரென்று.

யாருக்கும் பதில் தெரியவில்லை. பெரியப்பா எழுந்து போய் மைக்குக்கு முன்னால் நான்கு விரல் தள்ளி அந்த வலை வட்டத்தைச் சரிசெய்தார். 'ப' வரும்போது காற்று அடிக்காமல் தடுக்கிற வலை. ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஒரு சாண் தள்ளி நாற்காலியைப் போட்டு, கையைப் பிடித்து பெரியம்மாவை உட்கார வைத்தார். பிறகு மைக்குக்குப் பின்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியம்மா முணுமுணுத்துப் பார்த்ததில், வருஷக்கணக்காக மறந்து போயிருந்த இரண்டு அடிகள் திரும்பி வந்தன. சுவிட்ச் போட்டதும் பாடியிருந்தால் அவை வந்திருக்காது.

பாடினார். ஒரே தடவை. பாடி முடித்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நிறுத்த மறந்துவிட்டேன்.

அப்புறம் மணியைப் பார்த்தேன். கீழே போகும் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். தாவிப்போய் கேபிளைப் பிடித்தேன்.

"கையை எடு!" இந்த முறை அடி இல்லை, அதட்டல். "உள்ள கரண்ட் ஓடுறப்ப புடுங்கினா மைக்கும் போகும், நீயும் துள்ளுவே. ஆஃப் பண்ணினாலும் அந்தப் பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும்."

பி.காம்.முக்கு அது சட்டென்று புரிந்தது. ஸ்டாக் கணக்கில் 'லாஸ்ட் இன், ஃபர்ஸ்ட் அவுட்' என்று படித்தோமே, அதேதான். கடைசியில் போட்டதை முதலில் எடு. முதலில் வால்யூம் சைபர். அடுத்து பவர் சுவிட்ச். சில நிமிஷம் சும்மா இரு. பிறகு கேபிள். வால்வு ஆறிய பின்தான் மைக் பெட்டிக்குள் போகும். பவர் பெட்டியை எந்தக் காரணத்துக்கும் ஸ்க்ரூடிரைவரால் திறக்காதே. பஸ் போய்விட்டது. ராத்திரி அங்கேயே தங்கினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் கொஞ்சம் கரகரத்திருக்கிறது. நாளாக நாளாகச் சரியாகும் என்கிறார் டாக்டர். சண்டைக்குத் தாராளமாகப் போதும்.

பதிவைப் போட்டுக் காட்டினேன். பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்து, நான் நிறுத்த மறந்த அந்த இடம் வந்தது. மரத்தில் காற்று. எங்கேயோ ஒரு குருவி. அதற்கப்புறம், மைக்குக்குப் பின்னாலிருந்து ரொம்ப மெதுவாக ஒரு 'ம்'. அறையில் இருந்த எங்கள் யாருக்கும் அன்றைக்கு அது கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டிருக்கிறது.

"இத்தனை வருஷத்துல என் பாட்டுக்கு இவர் 'ம்' சொன்னதே இல்லைடா" என்றார் பெரியம்மா. அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் போடச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணாவது அடியில சுருதி விலகியிருக்கு. குரல் சரியானதும் மறுபடி எடுக்கணும்" என்றார்.

அடுத்த மாதம் மறுபடி மலை ஏறுகிறேன். ஊத மாட்டேன், தட்ட மாட்டேன், அவசரப்பட மாட்டேன். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் திரும்ப மாட்டச் சொல்லி மட்டும் யாராவது ஞாபகப்படுத்துங்கள். போன தடவை அப்படியே விட்டுவிட்டு வந்ததில், பொங்கி வழிந்த தோசை மாவுக்கு அக்கா இன்னும் கணக்கு வைத்திருக்கிறாள்.