ஒரு வீட்டில் இரு குடித்தனம்

"ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது" என்பார்கள். கத்திகளின் சமாசாரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் சௌக்கியமாகக் குடியிருக்கலாம் என்பதை அநுபவ பூர்வமாகவே சொல்லுவேன்.

இது புதிய அதிசயமும் அல்ல. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்திலேயே, விண்டோஸும் சி-டாக் நிறுவனத்தாரின் பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்தே வந்தன. ஆனால் அங்கே இருவரும் ஒரே நாளில் பால் காய்ச்சிக் குடி புகுந்தவர்கள். ஒருவர் நாலு வருஷமாகச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு வாழும் வீட்டில் இன்னொருவரைக் குடிவைப்பது வேறு காரியம்.

கல்லூரியில் படிக்கும் என் மூத்த பெண், "அப்பா, பாடத்துக்கு லினக்ஸ் வேண்டும். நம் கணினியிலேயே போட்டுவிடலாமே?" என்றாள். 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அந்தக் கைங்கரியம் விலையின்றிக் கிடைக்கிறது. ஆகையால் பணக் கவலை இல்லை. கவலையெல்லாம் பழைய குடித்தனத்தைப் பற்றித்தான். அதில் என் வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. என் மனைவியின் வீட்டுக் கணக்கு இருந்தது. காலஞ்சென்ற என் தாயார் இளைய பேத்திக்குப் பாடிய தாலாட்டும் இருந்தது. கணக்கை மறுபடி எழுதலாம். தாலாட்டை யார் மறுபடி பாடுவது?

ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்தோம். எடுத்ததோடு விடாமல், என் மைத்துனர் வீட்டுக் கணினியில் அதைத் திறந்து, தாலாட்டு முழுவதும் கேட்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, சாவி. விண்டோஸ் தன் அறையை 'பிட்லாக்கர்' என்னும் பூட்டால் பூட்டியிருக்கலாம். வாசலில் மாறுதலைக் கண்டால் அது 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்கும். அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைத்தோம்.

மூன்றாவது, உறக்கம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருந்தால், நிறுத்திய பிறகும் விண்டோஸ் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். அரைத் தூக்கத்தில் இருப்பவருடைய பெட்டியை அடுத்தவர் திறந்தால் கோப்புகள் கெடக்கூடும். அதை நீக்கினோம்.

பிறகுதான் இடம் ஒதுக்கினோம். விண்டோஸுக்குள்ளிருந்தபடியே அதன் பகுதியைச் சுருக்கி, 512 ஜிகாபைட்டில் 80-ஐக் காலியாக விட்டோம். சுவரைத் தள்ளிக் கட்டும் வேலையைப் பழைய குடித்தனக்காரர் கையாலேயே செய்விப்பது உத்தமம். எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று அவருக்கல்லவா தெரியும்!

உபுண்டுவை ஒரு யுஎஸ்பி துண்டிலிருந்து நிறுவினோம். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பதும் 'வட்டை முழுவதும் அழி' என்பதும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்விடத்தில் இருமுறை படித்துவிட்டு விரலை வைக்க வேண்டும்.

இப்போது கணினியைத் திறந்ததும் 'க்ரப்' என்னும் வாயிற்காப்போன், "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறான். மறுநாள் ஒரு வேடிக்கையும் நடந்தது. காலை 9 மணிக்கு விண்டோஸ் கடிகாரம் 3.30 என்றது! உள்ளிருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரு கட்டளை இட்டதும் இருவரும் சமாதானமானார்கள்.

புதியவர் வருமுன் பழையவருடைய உடைமைக்குக் காவல் செய்துவிட்டால், பின்னால் மனஸ்தாபத்துக்கு இடமில்லை. இரண்டாவது இயங்குதளம் எதற்கு என்று எண்ணும் நேயர்களும் அந்த முதற் காரியத்தை மட்டுமாவது இன்றே செய்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கணினியிலும் ஒரு தாலாட்டு இருக்கக்கூடும்.